தவணை கட்டவே கடன் வாங்குகிறோம்!

கேள்வி: கடன் போட்டு வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வட்டி ஏறிவிட்டது. கணவருக்கு ஓவர்டைமும் நின்றுபோனது. சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறது. மூன்று மாதமாக கிரெடிட் கார்டில் பணம் எடுத்துத்தான் சமாளிக்கிறோம். பேங்க்கில் பேசிப் பார்க்கலாம் என்றால், "ஒரு தவணைகூடத் தவறியதில்லை, எதற்குப் போய்த் தலைகுனிய வேண்டும்?" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, ஒரு தவணைகூடத் தவறவில்லை என்பதுதான் இப்போது உங்கள் பக்கம் இருக்கும் ஒரே பலம். அது இருக்கும்போதே போங்கள். தவறிய பிறகு போனால் அபராதம் ஏறியிருக்கும், கடன் வரலாறும் கெட்டிருக்கும். குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாறலாம் என்றாலும் அப்போது யாரும் எளிதில் கொடுக்க மாட்டார்கள். கடன் கேட்கப் போனபோது இல்லாத கூச்சம் இப்போது மட்டும் எதற்கு?

கார்டில் பணம் எடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டால் அது கொள்ளை வட்டி. எடுத்த அன்றிலிருந்தே ஓடவும் ஆரம்பித்துவிடும்.

போவதற்கு முன் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்காருங்கள். பெரும்பாலானவர்கள் மாதச் செலவை மட்டும் கூட்டிவிட்டு, "வரவு சரியாகத்தானே இருக்கிறது, பணம் எங்கே போகிறது?" என்று குழம்புவார்கள். இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர் என்று எப்போதாவது வருகிறவற்றையெல்லாம் கூட்டி, 12-ஆல் வகுத்து, அதையும் மாதச் செலவில் சேருங்கள். கார்டு பாக்கியை அடைக்கவும் ஒரு தொகை ஒதுக்குங்கள். மிச்சம் நிற்பதுதான் உங்களால் கட்ட முடிந்த தவணை. "கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்காமல் அந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். வருமானம் எப்போதிலிருந்து, ஏன் குறைந்தது என்று கடிதமாகவும் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் கடன் காலத்தை நீட்டச் சொல்வார்கள். சரி, ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடனை 30 வருடமாக்கினால் தவணை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறையும். மொத்த வட்டியோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். வட்டி ஏறும்போது தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடுவதும் உண்டு. 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கிய கடன், ஆரம்பத்திலேயே 9 சதவீதமாகி, தவணை மட்டும் அப்படியே இருந்தால், முடிய 38 வருடம் ஆகும்! உங்கள் கடனில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று இன்றைக்கே பாருங்கள்.

சில மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றால், ஓவர்டைம் திரும்ப வரும் என்று நம்பிக்கை இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களிலும் வட்டி ஏறும், பொதுவாக அது அசலோடு சேர்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் கணக்கு இடித்தால்? வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த வாடகையில் சின்ன வீட்டுக்குப் போக முடியுமா என்று பாருங்கள். அதுவும் ஒத்து வராவிட்டால் விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சொந்தக்காரர்கள் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள், தவணை கட்டப்போவது அவர்கள் இல்லையே. நீங்களாக விற்றால் விலை பேச அவகாசம் இருக்கும். வங்கி ஏலம் விட்டால் அநேகமாகக் குறைவாகத்தான் போகும், பற்றாக்குறை உங்கள் தலையிலேயே விழவும் கூடும். விலை பேசும் முன், கடனை முழுதாக அடைக்க எவ்வளவு ஆகும், முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று வங்கியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.