காசு இருக்கும்போது பண்டமாற்று ஏன் திரும்ப வருது?

எல்லாமே காசுக்கு கிடைக்குதே, அப்புறம் எதுக்கு ஆன்லைன்ல பண்டமாற்றுன்னு கேட்டிருக்கீங்க. பழைய பண்டமாற்றோட பெரிய சிக்கலே ஆள் அமையாததுதான், என்கிட்ட இருக்கிறது உங்களுக்கு வேணும், உங்ககிட்ட இருக்கிறது எனக்கு வேணும், ரெண்டும் ஒரே நேரத்துல பொருந்தணும், ஜெவான்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர் 1875லயே இத எழுதிட்டாரு. ஒரு தாமானுக்குள்ள, அதாவது ஒரே குடியிருப்புக்குள்ள தேடினா அது லேசுல அமையாது, ஆனா பேஸ்புக் குரூப்ல கோலாலம்பூர் செந்தூல்லேருந்து கிள்ளான் வரைக்கும் அத்தன பேரு பாக்குறப்ப, பிள்ளை வளந்து சும்மா கிடக்கிற ஸ்ட்ரோலருக்கு நல்ல ரைஸ் குக்கர் தர யாராச்சும் வந்துடுவாங்க.

கஷ்டகாலத்துல இன்னும் வேகமா பரவும். 2020ல கோவிட்னால டூரிசம் படுத்தப்போ பிஜில 'பார்ட்டர் ஃபார் பெட்டர் பிஜி'ன்னு பேஸ்புக்ல ஆரம்பிச்சாங்க, வேலை போனவங்க கையில காசுதான் இல்ல, வீட்டுல சாமான் இருந்துச்சு, பன்னிக்குட்டிக்கு காயாக் படகுன்னு கூட மாத்திக்கிட்டாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான், சம்பளம் நின்னாலும் மனுஷன்கிட்ட குடுக்க ஏதோ ஒன்னு இருக்கு.

நீங்க கோலாலம்பூர்ல செய்யறதா இருந்தா, வெள்ளி (ரிங்கிட்) கணக்குல சரிசமமா இருக்கான்னு ரொம்ப பாக்காதீங்க, நமக்கு உதவுமான்னு பாத்தா போதும். மாமாக் சாப்பாட்டுக் கடை மாதிரி ஆளுங்க இருக்கிற இடத்துல பகல்லயே சந்திங்க, கரண்டு சாமான்னா ஓடுற வீடியோவ முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.