கலிஃபோர்னியாவில் மலைப் பாதையில் நடக்கும்போதும் தோட்ட வேலை செய்யும்போதும் ராட்டில்ஸ்னேக் (வால் நுனியை ஆட்டிச் சத்தம் எழுப்பும் விஷப்பாம்பு) கடிக்காமல் தப்பிப்பது எப்படி?

கேள்வியில் நீங்களே "சத்தம் கேட்டால் விலகிவிடலாம்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை முதலில் விடுங்கள். வாலை ஆட்டி ஊரைக் கூட்டுவது அதற்குக் கடைசி வழி. பெரும்பாலும் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். நாம் கடந்து போய்விட்டால் அதற்கும் நிம்மதி. பிறந்த குட்டிக்கு வால் நுனியில் ஒரே ஒரு குமிழ்தான், ஆட்டினாலும் சத்தம் வராது. விஷம் மட்டும் பிறக்கும்போதே உண்டு.

அதனால் காதைவிடக் கண்ணை நம்புங்கள். நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரப் பக்கம் இருக்கிறேன். இங்கே மிஷன் பீக் மலையில் மாடு மேயும். பாதையோரம் சுருண்டு கிடக்கும் பாம்பைக் காய்ந்த சாணி என்று நினைத்துத் தாண்டிவிடத் தோன்றும், நிறம் அப்படி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கவனம் அதிகம் வேண்டும். கோடையில் வெயில் தாழ்ந்த பிறகு நடமாட்டம் அதிகம். கட்டை குறுக்கே கிடந்தால் அப்படியே தாண்டாமல், மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தோட்டத்தில் ஆபத்து கைக்கு. விறகு, பலகை, கல் எதன் அடியிலும் பார்க்காமல் கையை விடாதீர்கள். பலகையைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பை மண்வாரியால் தூக்கி உங்கள் பக்கம் சாய்த்துவிடுங்கள். அடியில் பாம்பு இருந்தாலும் நடுவில் பலகை இருக்கும். தொளதொள ஜீன்ஸ் நல்லது, கடித்தாலும் விஷத்தில் ஒரு பகுதி துணியோடு போய்விடும்.

பார்த்துவிட்டீர்களா? அப்படியே நின்று, எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் மெல்லப் பின்வாங்குங்கள். அதன் நீளத்தில் பாதி தூரம்வரை பாய்ந்து கடிக்கும், ஆறடிக்குமேல் தள்ளி நிற்பது உத்தமம்.

கடித்துவிட்டால் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். நம்மூர் வழக்கப்படி கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், ஐஸும் வைக்காதீர்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான். நேரத்துக்கு மருத்துவமனை போனால் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

அப்புறம், டாக்டரிடம் காட்டுவதற்காகப் பாம்பை அடித்து எடுத்துப் போகாதீர்கள். வெட்டிய தலைகூட நெடுநேரம்வரை கடிக்கும்.