வாசகர் கேள்வி பதில்: வேலையும் வீடும் ஒரே கையில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரே வாக்குவாதம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், முதலாளித்துவம் நம் பாட்டன் பூட்டனின் உழைப்பை உறிஞ்சியது என்றும் சோசலிசமே தீர்வு என்றும் சொல்கிறான். மளிகைக் கடை நடத்தும் என் தம்பி, சோசலிசம் வந்தால் கடையில் உப்புக்கூடக் கிடைக்காது என்கிறார். ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் மாமனாரோ, “வீடு, தண்ணீர், பள்ளி, மருந்து எல்லாம் கம்பெனியே கொடுத்தது, அந்தக் காலமே மேல்” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேரா, மலேசியா

பதில்: தங்கள் மாமனாரிடமிருந்தே தொடங்குகிறேன். மூவரில் அவர்தான் ஒரு முறையை முழுதாக வாழ்ந்து பார்த்தவர். தோட்டத்தில் எல்லாம் கம்பெனி கொடுத்தது என்பது உண்மைதான். ஆனால் அது மனமிரங்கிக் கொடுத்த கொடை அன்று. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் எழுந்தது. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடு கூலி வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிடும் வரையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். வேலை போனால் வீடு போயிற்று, வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போயிற்று. பிற்காலத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் தங்களுக்கென்று ஓர் அடி மண்கூட இல்லாமல் மூட்டை கட்டியதை நம் வட்டாரத்தில் பார்க்காதவர் குறைவு. பெரியவர் ஏங்குவது அந்தப் பாதுகாப்புக்காக. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பின் சாவி அவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

மகன் சொல்லும் உறிஞ்சலுக்கும் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. 1932இல் அது 2 பென்னிக்கும் கீழே விழுந்தது. 12 பென்னி சேர்ந்ததே ஒரு ஷில்லிங் என்று கணக்கிட்டால் வீழ்ச்சியின் ஆழம் தெரியும். விலை உச்சத்தில் இருந்தபோது லாபம் கடல் கடந்து பங்குதாரர்களுக்குப் போனது. விலை விழுந்தபோது, காட்டை வெட்டி அந்தத் தோட்டங்களை உருவாக்கிய தமிழர்களில் பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சந்தை தன்போக்கில் இயங்கட்டும் என்ற கொள்கையை அந்தக் கம்பெனிகளும் தங்களுக்கென்று கடைப்பிடிக்கவில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1922 முதல் 1928 வரை நடப்பில் இருந்த ஸ்டீவன்சன் திட்டம், ஏற்றுமதிக்கு அளவு வைத்து ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்தவே கொண்டுவரப்பட்டது. முதலாளிக்கு விலைப் பாதுகாப்பு கிடைத்தது, தொழிலாளிக்குக் கப்பல் சீட்டு கிடைத்தது.

ஆனால் தங்கள் மகனிடம் நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். வேலை கொடுப்பவரே வீட்டையும் கொடுத்து, பிள்ளைகள் காப்பகத்தையும் உணவுக்கூடத்தையும் நடத்தி, எதிர்த்துப் பேசினால் எல்லாவற்றையும் ஒருசேரப் பறிக்கக்கூடிய நிலை தோட்டத்தில் தவறு என்றால், அதே நிலை சோவியத் தொழிற்சாலை நகரங்களில் எப்படிச் சரியாகும்? அங்கே துரை இல்லை, அரசாங்கம் இருந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு நாட்டுக்குள் இடம்பெயரத் தேவையான கடவுச்சீட்டு பெறும் உரிமையே 1974 வரை பொதுவாகக் கிடைக்கவில்லை. நிலத்தையும் தானியத்தையும் அரசு முழுவதுமாகக் கையில் எடுத்ததன் விளைவாக 1932-33இல் உக்ரைனிலும் கசக்ஸ்தானிலும் பல லட்சம் பேர் பட்டினியால் மடிந்தார்கள். சீனாவில் 1958இல் தொடங்கிய ‘மாபெரும் பாய்ச்சல்’ கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்தது. களத்தில் விளைந்ததைக் கூட்டிக் காட்டியே அதிகாரிகள் மேலே கணக்கு அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படியே தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. குறையைச் சொல்லத் துணிந்தவருக்குப் போக வேறு இடமில்லை. 1978இல் ஆன்ஹூய் மாநிலத்தின் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 விவசாயிகள் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள இரகசியமாக ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டால் சிறை என்று தெரிந்தே செய்தார்கள். மண்ணும் ஆட்களும் மாறவில்லை. விளைச்சல் மட்டும் அடுத்த ஆண்டே வெகுவாக உயர்ந்தது. அரிசிப் பானையைத் தன் வீட்டுக்கென்று ஏற்றும்போது மனிதனுக்கு வரும் கவனத்தை எந்த உத்தரவாலும் வரவழைக்க முடியாது.

தம்பியின் வலுவான இடம் இதுதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு உளுந்து வேண்டும், சம்பளத்துக்கு முந்தைய நாள்களில் எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; தலைநகரில் அமர்ந்திருக்கும் எந்தத் திட்டக் குழுவுக்கும் தெரியாது. இப்படி ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கும் அறிவை விலை என்ற ஒன்றே திரட்டித் தருகிறது என்று பொருளியலறிஞர் ஹாயெக் 1945இல் எழுதினார். தம்பியின் கடையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. உதவித்தொகை பெற்று 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் எத்தனை முறை ‘இல்லை’ என்ற பதிலோடு முடிகிறது என்று அவரைக் கேளுங்கள். செம்பனை சூழ்ந்த ஊரிலேயே எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வருகிறது. சந்தை விலைக்கும் கட்டுப்படுத்திய விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், சரக்கு அதிக விலை கிடைக்கும் பக்கம் நழுவும். ஆனால் அந்தப் பொட்டலமே இல்லையென்றால் ஓய்வுபெற்ற முதியவர் என்ன செய்வார் என்ற கேள்விக்குத் தம்பியும் பதில் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் பணமில்லாதவனின் பசியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி என் கருத்து. முதலாளித்துவ நாடுகள் பிழைத்திருப்பதற்குக் காரணம், அவை சோசலிசம் எழுப்பிய கேள்விகளுக்குப் பாதி பதிலாவது சொன்னதுதான். ஜெர்மனியின் பிஸ்மார்க் 1878இல் சோசலிச இயக்கத்தைத் தடைசெய்தவர். அவரே 1883இல் தொழிலாளர்களுக்கு நோய்க்காப்பீட்டைச் சட்டமாக்கினார். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஊழியர் சேமநிதியும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் அதே வகையைச் சேர்ந்தவை. தோட்டத்தை விட்டுப் போனாலும் சேமநிதி கூடவே வரும் என்பதைக் கவனியுங்கள். லயத்து வீடு அப்படி வராது. தொழிலாளிக்கு நிகழ்ந்த உண்மையான விடுதலை அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

உடைமை யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. வெள்ளைக்காரக் கம்பெனி மலேசியாவுடையதாயிற்று. நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் மறுநாள் காலையிலும் அதே பெரட்டு, பால் வெட்ட அதே மர நிரை, அதே லயம். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு வேறொன்று நடந்தது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, தங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) கேட்டார். பால் வெட்டியவர்களின் அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. அந்தத் தோட்டத்து ரப்பரும் உலகச் சந்தை விலைக்குத்தான் விற்கப்பட்டது. ஆனால் உடைமையில் பங்கு, சந்தா கட்டிய தொழிலாளியிடம் இருந்தது. கூட்டுறவு எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்காத சங்கம் எதுவானாலும் சில பேரின் சொத்தாகச் சுருங்கிவிடும். இருந்தாலும் தங்கள் வீட்டு மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஏற்ற உதாரணம் இதுவே.

கேள்வி: சோசலிசம் என்ற சொல்லை எடுத்தாலே என் தந்தையார் பதறுகிறார். கம்யூனிஸ்டும் சோசலிஸ்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டுகளில் கூலி உயர்வு கேட்பதே ஆபத்தாகத் தோன்றியது; அந்த அச்சம் பிள்ளைகளுக்கும் இறங்கியது. ஆனால் கம்யூனிசமும் சோசலிசமும் ஒன்றல்ல. உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்ற பரந்த எண்ணம் சோசலிசம். அதை ஒரே கட்சியின் ஆட்சியால் நிறைவேற்ற முனைந்தது கம்யூனிஸ்ட் கட்சிகளின் வழி. தேர்தலில் நின்று, தோற்றால் பதவி விலகும் சோசலிஸ்டுகள் பல நாடுகளில் உண்டு. சுங்கை சிப்புட்டிலேயே மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயக்குமார் 2008இலும் 2013இலும் வாக்குப்பெட்டி வழியே நாடாளுமன்றம் சென்றார்.

கேள்வி: நான் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ‘நீ தொழிலாளி இல்லை, சொந்தத் தொழில் செய்பவன்’ என்கிறார்கள். அப்படியானால் நான் முதலாளியா?
– ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: வண்டி உங்களுடையது, பெட்ரோலும் உங்களுடையது, விழுந்தால் காயமும் உங்களுடையது. ஆனால் ஒரு பயணத்துக்கு எவ்வளவு கூலி என்பதை நீங்கள் நிர்ணயிப்பதில்லை, யாருக்கு எந்த வேலை என்பதையும் நீங்கள் தீர்மானிப்பதில்லை. உங்கள் தாத்தா பால் நிறுக்கும் இடத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதும் எண்ணையாவது எட்டிப் பார்க்கலாம், தகராறு செய்யலாம். உங்கள் கூலியைக் கணக்கிடும் மென்பொருளை அப்படி எட்டிப் பார்க்க இயலாது. முதலாளியின் நட்டம் மட்டும் உங்களிடம் இருக்கிறது, அவருடைய முடிவெடுக்கும் உரிமை இல்லை. ஆகவே நீங்கள் முதலாளி அல்லர். கொள்கை விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா, சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சேமநிதியில் நீங்களாகவே பணம் போடவும் வழி உண்டு. உங்களோடு வண்டி ஓட்டும் நண்பர்களும் அதையே பார்த்துவிட்டு, கூலி குறைக்கப்படும் நாள்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை நீங்கள் சேர்ந்து கேட்கும்போது அந்த நோட்டு தேவைப்படும்.