போகும்போது 38, வரும்போது 31: தூரப் பயண மைலேஜ் கேள்வி பதில்

பஞ்சிகாவத்தைப் பக்கம் இருபது வருடமாக பைக் திருத்துகிறேன். லீவு கிடைத்தால் யாழ்ப்பாணத்துக்கோ மலைநாட்டுக்கோ ஓடிவிடுவேன். 2022இல் கியூஆர் கோட் வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பெற்றோலை அளந்து தந்த நாட்களில், ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொரு லீற்றரையும் எழுதி வைக்கத் தொடங்கினேன். தட்டுப்பாடு போய்விட்டது, கொப்பி போகவில்லை. கேட்டவர்களுக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நல்லூர்த் தேருக்குப் போய் வந்தேன். 400 சிசி பைக். போகும்போது லீற்றருக்கு 38, வரும்போது 31. அதே புத்தளம் வீதி, அதே 70 கிலோமீற்றர் வேகம். வரும்போது பின்னால் ஒரு பெட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் இருந்தது. அந்தப் பாரத்துக்கு இவ்வளவு குறையுமா? பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கழுவ வேண்டுமா?

ஒன்றையும் கழற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் போனது சோளகம் அடிக்கிற காலம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும். காற்று 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீற்றரில் 70தான். ஆனால் பைக்குக்குப் போகும்போது அது 50, திரும்பும்போது 90. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90ஐ 50ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.24 வரும். அதாவது காற்றைக் கிழிக்க மட்டும் மூன்று மடங்குக்கு மேல் பலம் வேண்டும். பெற்றோல் முழுவதும் காற்றுக்கே போவதில்லை என்பதால்தான் 31இலாவது நின்றது.

பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சமதரையில் பத்துக் கிலோ கூடுவது பெரிய விஷயமில்லை. அந்தப் பத்துக் கிலோ எப்படி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். முருங்கைக்காயைக் குறுக்காகக் கட்டினீர்களா? அப்படியென்றால் உங்கள் பைக்குக்கு இரண்டு செட்டை முளைத்திருக்கிறது. நீளவாக்கில், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்படி கட்டியிருக்க வேண்டும்.

தைப்பொங்கலுக்குப் போய்ப் பாருங்கள். அப்போது வாடைக்காற்று. போகும்போது மைலேஜ் குறையும், வரும்போது கூடும். என் கொப்பியில் தை மாதப் பக்கங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. ஆனையிறவில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் சும்மா விடாது. அதுவும் பெற்றோல் குடிக்கும்.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி: நுவரெலியா ஏறும்போது மைலேஜ் படுமோசம். அவிசாவளை வரை நன்றாக இருந்தது. உயரம் கூடினால் என்ஜினுக்கு மூச்சு முட்டும் என்கிறார்களே? இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் பிடிக்கலாமா?

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். நீங்கள், பைக், பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்றால், அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் செலவாகும். சாதாரணமாக எரிவதற்கு மேலே இது. மலையில் மட்டும் பாரம் நேரடியாகக் கணக்கில் வரும். பின்னால் ஆள் ஏறினாலே தெரியும்.

மூச்சு முட்டுவது, காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற கார்பரேற்றர் உள்ள பழைய பைக்குக்கு. மேலே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதாகிவிடும். கார்பரேற்றருக்கு அது தெரியாமல் பெற்றோலை அதிகமாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்திருக்கும். இன்ஜெக்ஷன் பைக் தானே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் வைத்து எக்சிலேற்றரை முழுதாக விட்டால், பெரும்பாலான இன்ஜெக்ஷன் பைக்குகள் பெற்றோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்கும் பெற்றோல் வேண்டும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் ஹட்டன் வளைவுகளில் மைலேஜ் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

மட்டக்குளியிலிருந்து: ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது. நான் அளக்கிற முறை பிழையா?

அனேகமாக அதுதான். போன மாதம் நானே சோதித்துப் பார்த்தேன். ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற பைக்குக்கு, வாய் வரை வந்துவிட்டது என்று பெற்றோல் அடிக்கிற தம்பி பம்பை எடுத்துவிட்டார். பைக்கை நிமிர்த்திப் பிடித்தேன். மட்டம் மெல்ல இறங்கியது, ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. இன்னும் 700 மில்லிலீற்றர் போனது. 300 கிலோமீற்றர் ஓடிவிட்டு 9 லீற்றர் என்று எழுதினால் 33, 8.3 என்று எழுதினால் 36. பைக்கில் ஒரு மாற்றமும் இல்லை, எண் மட்டும் மூன்று கூடிவிட்டது! எப்போதும் நிமிர்த்திப் பிடித்து, ஒரே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஒரு நிரப்பலை நம்பாமல் மூன்று நான்கைச் சேர்த்து வகுங்கள்.

தூரம் காட்டும் மீற்றரும் கொஞ்சம் பொய் சொல்லலாம். ஏ-9இல் வவுனியாவைத் தாண்டியதும் ஒரு கிலோமீற்றர் கல்லில் தொடங்கி ஐம்பதாவது கல்லில் மீற்றரைப் பாருங்கள். கல்லில் உள்ள எண் கண்டியிலிருந்து எண்ணியது, அதனால் குழம்ப வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 95 ஒக்டேன் அடித்தால் கூட ஓடுமா?

உங்கள் பைக்கின் புத்தகம் கேட்டால் அடியுங்கள். இல்லாவிட்டால் காசுக்குக் கேடு. ஒக்டேன் என்பது பெற்றோல் தட்டாமல் எரியும் குணம். அதில் கூடுதல் சக்தி இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஐயா: என் பைக் எங்கே போனாலும் குறைவாகத்தான் ஓடுகிறது. காற்று, மலை ஒன்றும் காரணமில்லை.

சரி ஐயா, அப்படியென்றால் பைக்கைப் பார்க்கத்தான் வேண்டும். நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சில்லைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுக்கம். என்னிடம் வந்த ஒரு பைக்கின் பிரேக் தட்டு, ஐந்து நிமிடம் ஓட்டியதும் தொட முடியாமல் சுட்டது. பிரேக்கின் பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே போக மறுத்திருந்தது. சொந்தக்காரர் அதற்குள் இரண்டு முறை பிளக் மாற்றியிருந்தார்! டயர் காற்றைக் காலையில் பைக் சூடாகும் முன் பாருங்கள்.

இன்னொருவர்: தமிழ்நாட்டில் மச்சானிடம் இதே பைக், எனக்கு வருவதைவிடக் குறைவாகத்தான் வருகிறது என்கிறார்.

அங்கே இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனோல் கலந்த பெற்றோல். எத்தனோலில் லீற்றருக்குப் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மொத்தத்தில் சுமார் 7 சதவீதம் போய்விடும். மச்சானைக் குறை சொல்லாதீர்கள்.

மறுபடியும் வெள்ளவத்தைத் தம்பி: அப்படியென்றால் 15 லீற்றர் டேங்கை நிரப்பினால் நிற்காமல் யாழ்ப்பாணம் போய்விடலாமா?

ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மோசமான 31ஐ வைத்துப் பார்த்தாலும் 465 வருகிறது, போகலாம். ஆனாலும் தையில் போனால் வவுனியாவில் நிரப்புங்கள். தேத்தண்ணிக்கு எப்படியும் அங்கே நிற்பீர்கள்தானே.