சிறைக்குள் ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடிக்கப்போகிறேன். தடய உளவியலில் (குற்றம், சட்டம் சார்ந்த உளவியல்) பேராசிரியராக என்ன வழி?

பதில்: உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் தடய உளவியலுக்குத் தனித்தாள் இல்லை. நீங்கள் உளவியல் தாளையே எழுதுங்கள். பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால், அந்த நெட் மதிப்பெண் 1 ஆண்டுதான் செல்லும். அதற்குள் நெறியாளரைப் பிடித்துவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியல் துறைகள் உண்டு.

பிஎச்.டி. ஆய்வில் பலர் சறுக்குவது தரவு திரட்டுவதில்தான். கைதிகளைப் பேட்டி காண நெறிமுறைக் குழு (ஆய்வு முறை சரியா எனப் பார்க்கும் குழு) ஒப்புதல், பிறகு சிறைத்துறைத் தலைமையின் அனுமதி இரண்டும் தேவை, மாதக்கணக்கில் இழுக்கும். பேட்டிக்கான வினாப்பட்டியல், கைதியின் ஒப்புதல் படிவம் இரண்டின் தமிழ் வடிவத்தையும் முதல் விண்ணப்பத்துடனே இணையுங்கள். கைதி கையெழுத்திட்டாலும், அதிகாரி அருகில் நின்றால் அது சுயவிருப்பம் ஆகாது. தனியிடம் கேட்டு வாங்குங்கள். அனுமதி தாமதமானால், வெளியான நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தையாவது எழுதத் தொடங்கலாம்.