கொரோனா சமயத்தில் கிட்னி கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஏன் அத்தனை தடவை டெஸ்ட் எடுத்தார்கள்?

ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாதா, அத்தனை டெஸ்டும் பில் ஏற்றுவதற்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பில் சந்தேகம் எனக்கும் இருந்தது. நான் டாக்டர் இல்லை, கிட்னி வாங்கியவன். கொடுத்தது என் அம்மா.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். 2020-ல் எனக்கு வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். நாடே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோதும் நான் மட்டும் போயே ஆக வேண்டும், ஒரு முறை தவறினாலே கால் வீங்கி மூச்சு இழுக்கும். மே மாதத் தொடக்கம் வரை கிருஷ்ணகிரி பச்சை மண்டலம். நம்ம மாவட்டத்துக்குள் வராது என்று டீக்கடை மூடிய திண்ணையில் உட்கார்ந்து பெருமை பேசினார்கள். அப்புறம் வந்தது.

ஆகஸ்டில் சேலத்தில் ஆபரேஷன் தேதி கிடைத்தது. இ-பாஸ் வாங்கி, தொப்பூர் கணவாய் இறங்கி, இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தோம். இருவருக்கும் மூக்கில் குச்சி, நெஞ்சு ஸ்கேன். எனக்கு நெகட்டிவ், அம்மாவுக்கு பாசிட்டிவ். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அன்று காலைதான் இரண்டு மாடி படியேறி வந்திருந்தார். "எனக்கு என்ன நோவு சாமி, கல்லு மாதிரி இருக்கறேன், அவனுங்க மிஷின் கோளாறு" என்றார். என்னவோ அவர் மேல் திருட்டுப் பட்டம் கட்டிவிட்ட மாதிரி முகம்.

தேதி போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டர் உட்கார வைத்துச் சொன்னது இதுதான்: புதுக் கிட்னியை உடம்பு வெளியாள் என்று அடித்துத் துரத்தாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று கொடுத்து எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அமுக்கி வைப்பார்கள், முதல் சில வாரங்களில் அமுக்குவது ரொம்ப அதிகம், அந்த நேரத்தில் கொரோனா பிடித்தால் மருந்தைக் குறைத்தால் கிட்னி போகும், குறைக்காவிட்டால் ஆளே போகலாம். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. தொற்றோடு மயக்க மருந்து கொடுத்து அறுத்தால் நுரையீரலில் சிக்கல் வரலாம், ரத்தம் கட்டிக்கொள்ளலாம். தனக்கு எந்த வியாதியும் இல்லாமல் பிள்ளைக்காக மேஜையில் படுக்கிற ஒருவரை அந்த நிலையில் யார் வெட்டுவார்கள்?

28 நாள் கழித்து மறுபடி டெஸ்ட். மறுபடியும் பாசிட்டிவ்! ரிப்போர்ட்டில் 'சிடி 36' என்று இருந்தது. என் மாமா "சிடி ஸ்கேன்தான் போன தடவையே எடுத்தாச்சே, எதுக்கு 36 தடவை" என்று கவுன்ட்டரில் சண்டைக்கே போய்விட்டார். இந்த சிடி வேறு. மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற ஆர்டி-பிசிஆர் டெஸ்டில் வைரஸின் மரபுத் துணுக்கைத் திரும்பத் திரும்ப இரட்டித்துப் பார்ப்பார்கள். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் அந்த எண். 18, 20-லேயே தெரிந்தால் வைரஸ் மண்டிக் கிடக்கிறது, 36 வரை போய்த்தான் தெரிகிறது என்றால் மிச்சம் மீதி. குணமானவர்களுக்கும் செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்குமாம். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, குச்சியை ஒழுங்காக விடாவிட்டாலும் மாறும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்து, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு நெகட்டிவ் வாங்கிய பிறகு அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. எனக்கும் அதே கணக்குத்தான். டயாலிசிஸ் ஹாலில் ஆறு கட்டில் ஆட்களோடு நாலு மணி நேரம் படுத்துவிட்டு வருகிறவனுக்குப் போன வாரத்து நெகட்டிவ் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

ஒரு நெகட்டிவ் ஏன் போதாது என்பதற்கு எனக்கு மனதில் நிற்பது அமெரிக்காவில், மிச்சிகனில் நடந்ததுதான். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் நுரையீரல். மூக்கில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ், சொந்தக்காரர்களும் அறிகுறி எதுவும் இல்லை என்றார்கள். நுரையீரலைப் பெற்றவருக்கு மூன்றாவது நாள் காய்ச்சல். கொடையாளரின் நுரையீரலைக் கழுவி முன்பே எடுத்து வைத்திருந்த நீரைச் சோதித்தால் பாசிட்டிவ். பெற்றவர் 61-வது நாள் இறந்துபோனார், அந்த நுரையீரலைக் கையாண்ட சர்ஜனுக்கும் தொற்றியது. 2021 மே முதல் அங்கே நுரையீரல் கொடையாளர் எல்லாருக்கும் உள்ளே ஆழத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். மூக்கில் இல்லை என்றால் மூக்கில் இல்லை, அவ்வளவுதான். கிட்னி, கல்லீரல் வழியாக அப்படிப் பரவியதாக உறுதியாகவில்லை. அதனால் பின்னாளில் அங்கே பாசிட்டிவ் ஆனவர்களின் நுரையீரலை விட்டுவிட்டு மற்ற உறுப்புகளை எடுக்கத் தொடங்கினார்கள். 2020-ல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

எங்களுக்காவது ஒத்திப்போட நேரம் இருந்தது. தொப்பூர் கணவாயில் லாரி மோதி ஒருவர் மூளைச்சாவு அடைந்தால் அவரிடம் போய் சளி இருந்ததா, வாசனை தெரிந்ததா என்று கேட்க முடியாது. அழுதுகொண்டிருக்கும் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். மூளைச்சாவை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை உறுதி செய்யச் சொல்கிறது சட்டம். அந்த இடைவெளிக்குள்ளேயே கொரோனா, எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி எல்லாம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்த இதயம் நாலு மணி நேரம்தான் தாங்கும், கிட்னி ஒரு நாள் தாங்கும்.

இந்தப் பயம் கொரோனாவோடு வந்ததும் இல்லை. 2004-ல் அமெரிக்காவில் ஒரு கொடையாளருக்கு வெறிநோய் இருந்தது தெரியாமல் உறுப்புகளையும் ஒரு ரத்தக்குழாய்த் துண்டையும் வைத்து, பெற்றவர்கள் நாலு பேர் இறந்தார்கள். அவரை வௌவால் கடித்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது. இருக்கும் என்று நினைக்காத நோய்க்கு யாரும் டெஸ்ட் எழுதுவதில்லை. அதனால்தான் உறுப்பு மாற்றுக்கு ஏற்பாடு செய்கிற கோஆர்டினேட்டர் அத்தனை கேள்வி கேட்கிறார்: எங்கே போனீர்கள், யாருக்குக் காய்ச்சல், நாய் கடித்ததா, டிபி வந்ததுண்டா. எரிச்சலாகத்தான் இருக்கும்.

டயாலிசிஸில் இருந்தவரை பொட்டாசியம் ஏறும் என்று மாம்பழத்தைக் கண்ணால் பார்க்கத்தான் எனக்கு அனுமதி, அதுவும் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு. மறு வருஷம் மே மாதம், டாக்டர் சரி என்ற பிறகு, அம்மா ஒரு பழத்தை நறுக்கி ரெண்டே ரெண்டு துண்டு கொடுத்தார். அப்போதுதான் சொன்னார்: சேலத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே ரசத்தில் உப்பு, புளி எதுவும் தெரியவில்லையாம். சொன்னால் தேதி தள்ளிப் போகும் என்று வாயைத் திறக்கவில்லையாம்.