முதலில் சைக்கிளைத் திருத்துங்கள், பிறகு பிள்ளையை: மவுண்டன் பைக் கேள்வி-பதில்

மகனுக்கு 14 வயது, எடை 46 கிலோ. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்தான் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் கல் பாதையில் சைக்கிள் அவனைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, முன்சக்கரம் வழுக்குகிறது. பயிற்சி போதவில்லையா?

பயிற்சி இருக்கட்டும், முதலில் காற்றைப் பாருங்கள். பெரியவர் எடைக்கு ஏற்றி வைத்த அழுத்தத்தில் 46 கிலோ பையன் ஓட்டினால், டயர் கல்லின்மேல் படியாமல் துள்ளத்தான் செய்யும். 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 17–18 பி.எஸ்.ஐ., பின்னால் 19–20 வைத்துத் தொடங்குங்கள். டியூப் போட்ட டயருக்கு இன்னும் ஐந்தாறு கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். ஒரே கேஜில் அளப்பது முக்கியம், கேஜுக்கு கேஜ் அளவு மாறும்.

அடுத்து சஸ்பென்ஷன். ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் அவன் பெடல்மேல் எழுந்து நிற்கட்டும், நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்சக்கர ஃபோர்க்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் அவனை இறங்கச் சொல்லுங்கள். 140 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 28 மி.மீ. நகர்ந்திருந்தால் 20 சதவீதம், அது சரியான அளவு. ஓட்டுபவர் எடையில் சஸ்பென்ஷன் இப்படி அமிழும் அளவுக்கு சேக் என்று பெயர். பின் ஷாக்கை அவன் சீட்டில் உட்கார்ந்த நிலையில் அளந்து, 28–30 சதவீதம் வையுங்கள். இந்தக் கணக்கு ஷாக்கின் தண்டு நகரும் நீளத்துக்கு, சக்கரம் நகரும் தூரத்துக்கு அல்ல. 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஷாக்கில் 14–15 மி.மீ. வரும். ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் உள்ள காற்றைக் குறைக்கவும் கூட்டவும் ஷாக் பம்ப்தான் வேண்டும், டயர் பம்ப் உதவாது.

இத்தோடு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ரீபவுண்டை, அதாவது அமிழ்ந்த சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தை, யாரும் தொடுவதில்லை. காற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் வலுவும் குறையும். பழைய ரீபவுண்ட் அமைப்பிலேயே விட்டால் ஃபோர்க் மெதுவாகத்தான் எழும். அடுத்தடுத்துக் கல் வரும்போது முழுதாக நீளுமுன்பே மறுபடி அமிழ்ந்து, நாலாவது கல்லில் கட்டை போல விறைத்துவிடும். ரீபவுண்ட் குமிழை முயல் படம் இருக்கும் பக்கம் இரண்டு இரண்டு கிளிக்காகத் திருப்புங்கள். சோதிக்க எளிய வழி உண்டு: சீட்டில் உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கட்டும். பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம், ஓரிரு கிளிக் திருப்பிக் குறையுங்கள்.

சேக் சரியாக இருந்தும், அவன் போகும் கரடான பாதையிலேயே ஃபோர்க்கின் கடைசி 3 செ.மீ. பயன்படாமல் நிற்கிறதா? உள்ளே வால்யூம் ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். மேல் மூடியைத் திறக்குமுன் காற்றை முழுக்க வெளியேற்றிவிடுங்கள்.

மகள் நீண்ட இறக்கத்தில் விரல் வலிக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடுகிறாள். 13 வயது, சிறிய கை.

பிரேக் லீவர் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. லீவரில் ரீச் அட்ஜஸ்ட் என்று ஒரு சிறு திருகு இருக்கும். சில மாடல்களில் 2 அல்லது 2.5 மி.மீ. ஆலன் கீ, சிலவற்றில் கையாலேயே திருப்பும் குமிழ். ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரில் கொக்கி போல விழும்வரை உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு லீவரின் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டில்பாரின் நடுப்பக்கம் தள்ளுங்கள். விரல் லீவரின் நுனியில் விழ வேண்டும். நுனியில் ஒரு விரலே போதும், நடுவில் பிடித்தால் இரண்டு விரலும் சோரும். முழு பலத்தோடு அழுத்தியும் லீவர் கிரிப்பைத் தொடக்கூடாது. தொட்டால் பிரேக் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம், பிளீட் செய்து அதை வெளியேற்ற வேண்டும்.

ஹேண்டில்பாரையும் பாருங்கள். புதிய சைக்கிள்களில் 780, 800 மி.மீ. பார்தான் வருகிறது. குறுகிய தோளுக்கு அது அகலம். கை விறைத்து, முழங்கை மடங்க இடமில்லாமல் போகும். உடனே அறுத்துவிடாதீர்கள். கிரிப்பையும் லீவரையும் இரு பக்கமும் 2 செ.மீ. உள்ளே தள்ளி, இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். பிறகு பக்கத்துக்கு ஒரு செ.மீ.யாக அறுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது, பிள்ளையோ இன்னும் வளரும்.

செங்குத்தான இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு, பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறான். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவேன் என்கிறான்.

பின்னால் போ, பின்னால் போ என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த நிலையில் கை முழுதாக நீண்டுவிடும், முன்சக்கரத்தில் பாரம் இருக்காது. பாரமில்லாத சக்கரம் திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. அதனால்தான் அவனுக்கு முன் பிரேக்மேல் நம்பிக்கை வரவில்லை. பிரேக் போடும்போது எடை முன்னால் போவதால் பின்டயர் லேசாகிவிடும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் இழுபட்டுக்கொண்டே போகுமே தவிர வேகம் குறையாது.

சீட்டை முழுக்க இறக்கி, சமதரையில் பயிலட்டும். இரு பெடலும் ஒரே மட்டம், குதிகால் கீழே, இடுப்பை மடித்து மார்பைத் தாழ்த்தி, தாடை ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை நடுவில் பிடித்திருக்கும் துண்டுக்கு) மேல். எடை முழுவதும் காலில், கை லேசாக. தரையில் ஒரு கோடு போட்டு, ஓடும் வேகத்தில் வந்து கோட்டில் முன் பிரேக்கைத் தொட்டு, படிப்படியாக இறுக்கி, எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று பிடித்தால்தான் ஆபத்து. சமதரையில் சுலபமான பிறகு மிதமான புல் சரிவு, அதற்குப் பிறகே கல் இறக்கம்.

வளைவில் அகலமாகப் போய்ப் பாதையை விட்டு வெளியேறுகிறாள்.

வளைவுக்குள் பிரேக் பிடிக்கிறாள், கண் முன்சக்கரத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்று நிச்சயம். புல்தரையில் 8 மீட்டர் இடைவெளியில் இரண்டு பாட்டில் வைத்து எட்டு போடச் சொல்லுங்கள். பிரேக் பாட்டிலுக்கு முன்பே முடிய வேண்டும். வளைவின் உட்பக்கக் கையை நீட்டி சைக்கிளைச் சாய்க்க வேண்டும், உடம்பு அதே அளவு சாயக்கூடாது. வெளிப்பக்க பெடல் கீழே, எடை அதன்மேல். பார்வை அடுத்த பாட்டிலில். எல்லோருக்கும் ஒரு பக்கம் மோசமாகத்தான் இருக்கும், அந்தப் பக்கம் கூடுதலாக.

பன்னி ஹாப் (ஓடும்போதே சைக்கிளோடு எழும்பித் தடையைத் தாண்டுவது) மாதக்கணக்கில் முயல்கிறான், வரவில்லை. கிளிப் பெடல் வாங்கினால் வந்துவிடும் என்கிறான்.

வாங்காதீர்கள். ஷூ பெடலில் மாட்டியிருந்தால் இரு காலையும் தூக்கியதும் சைக்கிளும் கூடவே வரும், நுட்பம் வராது. ஊசி முனை உள்ள ஃபிளாட் பெடல், தட்டையான அடி உள்ள ஷூ, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பேடு. பெடல் நழுவினால் அடிபடுவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில்தான்.

இரண்டு பாதியாகப் பிரித்துக் கற்க வேண்டும். முதல் பாதி, முன்சக்கரம். உடம்பைத் தாழ்த்தி, உடனே இடுப்பைப் பின்னும் கீழுமாகத் தள்ளி, காலால் பெடலை முன்னே உதைக்க வேண்டும். கை நேராகவே இருக்க, முன்சக்கரம் தானே எழும். கையால் இழுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. முன்சக்கரம் ஒரு சாண் எழுந்து விழுந்துவிடும். இரண்டாம் பாதி, பின்சக்கரம். பாதத்தின் முனையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பெடலைப் பின்னுக்கு வழித்தபடி காலை மேலே இழுப்பது. இது தனியாக வர வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து, முன்சக்கரம் உச்சியில் இருக்கும்போது முழுதாக எழுந்து நின்று, இடுப்பை ஹேண்டில்பார் நோக்கிக் கொண்டுவந்து, பாரை முன்னே தள்ள வேண்டும். அவனுக்கு வராமல் இருப்பது இந்த எழுந்து நிற்றலாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் நின்று செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். தாண்டுவதற்குக் காலி அட்டைப்பெட்டி போதும், இடித்தால் நசுங்கிவிடும். ஒரு தடவைக்கு 15 நிமிடம். களைத்த பிறகு செய்தால் தவறுதான் பழகும்.

15 வயது. நடுவில் பள்ளம் உள்ள கேப் ஜம்ப் செய்ய அனுமதி கேட்கிறான். எப்போது விடலாம்?

வயதைப் பார்க்காதீர்கள், டேபிள்டாப்பைப் பாருங்கள். நடுவில் மண் நிரப்பிய, அதே நீளமுள்ள டேபிள்டாப்பில் தொடர்ந்து பத்து முறை இரு சக்கரமும் இறங்கு சரிவில் விழ வேண்டும். எட்டு முறை சரி, இரண்டு முறை மேடையிலேயே விழுந்தான் என்றால், அந்த இரண்டும் கேப்பில் விபத்து. பறக்கும்போது முன்பக்கம் கவிழ்கிறதா என்றும் பாருங்கள். கிளம்பும் விளிம்பில் கால் விறைத்தோ செயலற்றோ இருந்தால் விளிம்பு பின்சக்கரத்தை உதைத்துவிடும். மடித்த காலை அந்த இடத்தில் நீட்டி அழுத்த வேண்டும். பின் ஷாக்கின் ரீபவுண்ட் மிக வேகமாக இருந்தாலும் இதேதான் நடக்கும்.

முதல் தடவைக்கு முன் நடந்து போய் இறங்குமிடத்தைப் பார்க்கட்டும். வேகத்தைக் கணிக்க, அதை வழக்கமாகத் தாண்டும் ஒருவர் முன்னே போக, அவர் வேகத்தை ஒட்டிப் பின்தொடர்வது நல்லது. காற்று வீசும் நாளிலும், நாளின் கடைசி ரவுண்டிலும் வேண்டாம். முழுமுக ஹெல்மெட் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்கிறாள்.

வளரும் வயதில் அந்த எலும்பு முட்டில் வலி வருவது சகஜம். ஆனால் சீட்டைத் தாழ்த்தியபடியே கனமான கியரில் ஏறினால் அதிகமாகும். ஏறும்போது சீட்டை உயர்த்தட்டும்: குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். லேசான கியர், சில வாரம் குறைந்த தூரம். வீக்கமோ நொண்டலோ இரவு வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுந்து தலை இடித்தது. ஒன்றுமில்லை என்று உடனே ஏறப் பார்க்கிறான்.

அன்று ஏறக்கூடாது, பேச்சுக்கே இடமில்லை. மூளை அதிர்ச்சியின் அறிகுறி சில மணி நேரம் கழித்தும், மறுநாளும்கூட வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழப்பம், வலிப்பு இதில் எது வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சை. தலைவலி, தலைசுற்றல் லேசாக இருந்தாலும் மருத்துவர் சொன்ன பிறகே சைக்கிள். ஹெல்மெட்டையும் மாற்றுங்கள். உள்ளே உள்ள தெர்மோகோல் ஒருமுறை அமுங்கினால் அவ்வளவுதான், வெளியில் கீறல்கூடத் தெரியாது.

அவள் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

டியூப்லெஸ் என்றாலும் ஒரு டியூப், டயர் லீவர் இரண்டு, கைப் பம்ப், மல்டி டூல், செயினின் ஸ்பீடுக்கு (பின் கியர் எண்ணிக்கைக்கு) பொருந்தும், அறுந்த செயினை இணைக்கும் குவிக் லிங்க் ஒன்று. கூடவே டிரெயிலியர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமில் பிடித்திருக்கும் சிறு துண்டு. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், பல ஃபிரேம்களில் அதன் வடிவம் வேறு வேறு என்பதால் அவசரத்துக்குக் கிடைக்காமல் போகலாம். சைக்கிள் மாடலைச் சொல்லி இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள்.